சபைக்குள் வந்த பறை

உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமச் சபைகளில் நாம் கேட்டு வளர்ந்தவை கீர்த்தனைகள். அவற்றில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றியவை. அத்தகைய கீர்த்தனைகளை 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் தொகுத்து அச்சிட்டார். கர்நாடக ராகம் நம் சேரிகளுக்கும் வந்தது. அதே சாஸ்திரியார்தான் 1829இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். எந்தப் பாட்டுப் புத்தகம் நமக்கு இதைச் சொன்னது?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஜே. தியாபிலஸ் அப்பாவு, நம்மவர்களுக்குப் பரட்டை அண்ணன், கிராமிய மெட்டிலேயே ஒரு வழிபாட்டு முறையை எழுதினார். கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். அப்பன், ஆத்தா இருவரும் அதில் அடக்கம். பறையும் சபைக்குள் வந்தது.

தயங்கியவர்களில் நம் பெரியவர்களும் உண்டு. அதை வெறும் பழமைப்பிடிப்பு என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. இழவு வீட்டுக்கு அடிக்க வரமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தது அவர்களுடைய போராட்டம். அதே கருவியைப் பீடத்தருகே கண்டபோது பழைய கட்டளைதான் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

அப்பாவு 2005இல் காலமானார். இன்று அரங்குகளில் பறைக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் பல இடங்களில் இன்னும் நம் தெருவுக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள்.