முரசு சுமந்த மாணவர்
பாடசாலை அணிநடை வாத்தியக் குழுக்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமங்களிலே பாடசாலை என்பது கல்விக்கூடம் மட்டுமன்று. அது ஊரின் பொது முற்றமுமாகும். இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாளில் ஊரே அங்கு திரளும். பிரதம விருந்தினர் மாலை அணிவிக்கப்பட்டு, மாணவரின் பாண்ட் வாத்திய இசையுடன் வாயிலிலிருந்து அழைத்து வரப்படுவார். பின்னர் இல்லங்களின் அணிநடை தொடங்கும். இவ்வாத்தியக் குழு விழாவுக்கு அழகு சேர்க்கும் ஓர் அலங்காரம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் அதன் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, வேறொரு செய்தி புலனாகும். முரசை யார் சுமக்கலாம், சுமந்தவர் எந்தத் தெருவில் நடக்கலாம் என்னும் வினாக்கள் அவ்வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றன. வாத்தியக் குழுவில் இருந்து வெளியேறிய பழைய மாணவர் பிற்காலத்தில் எய்திய நிலையும் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளைப் பொறுத்தே அமைந்தது.

அணிநடை வாத்தியத்தின் தாயகம் போர்க்களமாகும். துருக்கிய ஒட்டோமன் பேரரசின் படைகளோடு சென்ற வாத்தியக்காரரின் பெருமுரசும் கைத்தாளமும் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளாற் சுவீகரிக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பித்தளைக் குழல்களுக்கு அடைப்பிதழ்கள் பொருத்தும் முறை ஜெர்மனியிற் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை சில சுரங்களை மட்டுமே எழுப்ப வல்லனவாயிருந்த குழல்கள், அதன் பின்னர் சுரவரிசை முழுவதையும் ஒலிக்கும் ஆற்றல் பெற்றன. தொழிற்சாலைகளில் இவை பெருந்தொகையாக உற்பத்தியானமையால் விலையும் குறைந்தது. இவ்வாறு படைவீரருக்கு உரியதாயிருந்த வாத்தியம், தொழிலாளர், தேவாலயங்கள், அநாதை இல்லங்கள், பாடசாலைகள் ஆகியோர் கைக்கும் எட்டியது. ஆயினும் கருவி கைமாறிய வேகத்திலே அதிகாரம் கைமாறவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இதற்குத் தக்க சான்று தமிழகத்திலேயே உண்டு. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவருக்கென ஓர் இல்லம் நிறுவப்பட்டது. மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அன்ட்ரூ பெல் என்பார் இங்கேயே உருவாக்கினார். கல்வி வரலாற்றிலே 'சென்னை முறை' எனப் பெயர்பெற்ற இம்முறை இங்கிலாந்து வரை பரவியது. இவ்வில்லத்துச் சிறுவர் பலர் ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்தோராவர். 1795இலே கிழக்கிந்தியக் கம்பனி ஓர் ஆணை பிறப்பித்தது. பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதோர் படையிற் சேரும் தகுதியற்றவர் என அது விதித்தது. குழலூதுவோர், முரசறைவோர், வாத்தியக்காரர், குதிரைக்கு இலாடம் அடிப்போர் ஆகியோருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. எனவே இத்தகைய இல்லங்களிற் பயின்ற சிறுவருக்குப் படையிலே திறந்திருந்த வழி முரசும் குழலுமே. ஆயுதம் மறுக்கப்பட்டவர் கையில் முரசு கொடுக்கப்பட்டது. படைக்கு முன்னே நடந்தவர், படையின் தரவரிசையிலே கடைசியில் நின்றார்.

இதே காலத்தில் மேலைத்தேய வாத்திய இசை தமிழ்ச் சூழலில் வேறொரு வழியாகவும் நுழைந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரசவையிலே மேனாட்டு வாத்தியக் குழுவொன்றைப் பேணினார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையிலே கேட்ட ஆங்கில வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுஸ்வரம்' என வழங்கும் அவ்வுருப்படிகள் ஏறத்தாழ நாற்பது உள்ளன. எனவே அந்நிய இசையை ஏற்பதில் தமிழ்ச் சமூகத்துக்குத் தடை இருந்ததில்லை. தடை வேறிடத்தில் இருந்தது. பறையும் தவிலும் நாதஸ்வரமும் குறித்த குலத்தாருக்குரிய தொழில்களாகவே நெடுங்காலம் இருந்தன. முரசொலியின்றி விழாவோ இறுதிச் சடங்கோ நிகழாத சமூகம், அதனை ஒலித்தவனைத் தாழ்வாரத்திலே நிறுத்தியது. பெண்களோ இத்தோற்கருவிகளிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டிருந்தனர்.

இலங்கையிலே பாடசாலைக்கும் படைநடைக்குமான தொடர்பு 1881ஆம் ஆண்டளவில் முறையான வடிவம் பெற்றது. அவ்வாண்டில் இலங்கை இலகு காலாட் தொண்டர் படை அமைக்கப்பட்டபோது, கொழும்பு றோயல் கல்லூரி மாணவரைக் கொண்ட பயிலிளவல் அணியொன்றும் தோன்றியது. 1902இல் இலங்கைப் பயிலிளவல் படையணி உருவாயிற்று. இல்ல முறை, அணிநடை, வாத்தியக் குழு என்பன ஆங்கிலங் கற்பித்த உயர்குழாத்துக் கல்லூரிகளின் அடையாளங்களாக வளர்ந்தன. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், மத்திய மகா வித்தியாலயங்களின் தோற்றமும், 1960களின் தொடக்கத்தில் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையும் இந்நிலையை மாற்றின. நகரக் கல்லூரிகளின் வழக்கங்கள் குளக்கரைக் கிராமங்களின் பாடசாலைகளையும் வந்தடைந்தன. ஆங்கிலக் கல்லூரியைப் பார்த்துச் செய்த போலச்செய்தலே இது என ஒருவர் கூறக்கூடும். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் முரசு பாடசாலையின் உடைமையானபோது அது குலத்தின் உடைமையாக இருத்தல் நின்றது. சீருடை அணிந்த மாணவன் முரசைத் தோளில் மாட்டும்போது அவனது பிறப்பை எவரும் வினாவுவதில்லை. பெண் பிள்ளைகளும் அதே முரசை அறைந்து அதே முற்றத்தில் நடக்கின்றனர். கோயில் வீதியில் நிகழாத ஒன்று பாடசாலை முற்றத்திலே நிகழ்ந்தது.

இம்மாற்றத்தின் முழுப் பரிமாணத்தையும் உணர்வதற்கு, பாடசாலை வாத்தியக் குழு ஒரு பெரும் இயக்கமாகவே வளர்ந்த அமெரிக்க ஐக்கிய நாட்டை நோக்குதல் பொருத்தமாகும். அங்கே முதலாம் உலகப் போருக்குப் பின்னர் கிராமபோன், வானொலி, சினிமா ஆகியவற்றின் வளர்ச்சியால், ஊர் ஊராகச் சென்று வாசித்த தொழில்முறை வாத்தியக் குழுக்கள் நலிவடைந்தன. வாத்தியங்களை உற்பத்தி செய்த கம்பனிகள் புதிய சந்தையாகப் பாடசாலைகளை நாடின. 1923இல் அவற்றின் ஆதரவுடன் சிக்காகோ நகரிலே பாடசாலை வாத்தியக் குழுக்களுக்கான தேசியப் போட்டியொன்று நடைபெற்றது. ஒகையோ மாநிலத்துப் பொஸ்டோரியா உயர்நிலைப் பாடசாலை அதில் முதலிடம் பெற்றது. படையின் தேவையால் தோன்றி, வணிகரின் தேவையாற் பரவிய இவ்வியக்கம், மாணவரின் கையிலே வேறொரு பொருளைப் பெற்றது.

கறுப்பின மக்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. லூயிசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் நகரிலே 1913இன் தொடக்கத்தில், துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டமைக்காகப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கறுப்பினச் சிறுவருக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டான். அங்கு பீற்றர் டேவிஸ் என்னும் ஆசிரியர் அவனுக்குக் கோர்னெற் என்னும் ஊதுகருவியைப் பயிற்றினார். சிறிது காலத்தில் அவன் இல்லத்து வாத்தியக் குழுவின் தலைவனானான். அக்குழு அவனது சொந்தச் சேரித் தெருக்களின் வழியே நடந்து சென்றபோது, ஏழைகளான அயலவர் காசுகளை அள்ளி வழங்கினர் எனப் பிற்காலத்தில் அவர் தம் சுயசரிதையிலே எழுதினார். அவரே ஜாஸ் இசையின் பெருமேதையான லூயி ஆம்ஸ்ட்ரோங். 1931இல் புகழுடன் ஊர் திரும்பிய அவர் அவ்வில்லத்துக்குச் சென்றார். தண்டனைக்காக அனுப்பப்பட்ட இடத்தைத் தம் கல்விக்கூடமாக அவர் கருதினார் என்பதற்கு இது சான்றாகும்.

அதே நகரில் 1951ஆம் ஆண்டு, கறுப்பின ஆண் பிள்ளைகளுக்கெனக் கத்தோலிக்கர் புனித அகுஸ்தீன் உயர்நிலைப் பாடசாலையை ஆரம்பித்தனர். மறு ஆண்டில் எட்வின் ஹாம்ப்டன் என்னும் இசையாசிரியர் அங்கு வந்து, 'நடைபோடும் நூற்றுவர்' எனப் பெயர்பெற்ற வாத்தியக் குழுவை உருவாக்கினார். நியூ ஓர்லியன்சின் பெருவிழா தவக்காலத்துக்கு முன்வரும் மார்டி கிரா என்னும் ஊர்வலத் திருநாளாகும். அதன் புகழ்பெற்ற ஊர்வலமான 'ரெக்ஸ்' 1872 முதல் நடைபெற்று வருவது. நகரின் வெள்ளையின மேற்குடியினரால் நடத்தப்பட்டது. அந்நகரத்து இரவு ஊர்வலங்களிலே கறுப்பினத்தவர் தீப்பந்தம் தாங்கி நடந்தனர். கோயில் ஊர்வலங்களிற் பந்தம் பிடித்தவரையும் பறை அறைந்தவரையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒளியை ஏந்தியவருக்கு ஊர்வலத்திலே உரிமை இருந்ததில்லை.

1967இல் இப்பாடசாலையின் குழு ரெக்ஸ் ஊர்வலத்தில் நடந்த முதலாவது கறுப்பின வாத்தியக் குழுவாயிற்று. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964இலேயே நிறைவேறியிருந்தது. ஆனாற் சட்டம் நிறைவேறிய நாளில் தெரு மாறிவிடுவதில்லை. பார்வையாளர் சிலர் வசைமொழி பொழிந்தனர், பொருட்களை வீசினர். பதின்பருவத்து மாணவர் அவற்றின் நடுவே வாசித்தபடி நடந்தனர். காலாகாலமாக அடக்கி ஆள்வதற்குப் பயன்பட்ட படையொழுங்கு, அன்று அடக்கப்பட்டவரின் கவசமாயிற்று. வாத்தியக் குழுவின் ஒழுங்கு கீழ்ப்படிதலை மட்டுமே பயிற்றுகின்றது என்போர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஹாம்ப்டன் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பணியாற்றி 2004இல் ஓய்வு பெற்றார், 2009இற் காலமானார். இதற்கிடையே 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி அந்நகரை மூழ்கடித்தது. மக்கள் நாடெங்கும் சிதறினர். பாடசாலையும் வெள்ளத்தால் அழிவுற்றது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், இப்பாடசாலையும் வேறு இரு கறுப்பினக் கத்தோலிக்கப் பாடசாலைகளும் தற்காலிகமாக ஒன்றிணைந்து ஒரே வளாகத்தில் இயங்கின. மூன்றின் பெயர்களிலும் முதலெழுத்தை எடுத்து 'மாக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட அவ்விணைந்த பாடசாலையின் வாத்தியக் குழு, 2006ஆம் ஆண்டு மார்டி கிரா ஊர்வலத்தில் நடந்தது. வீடுகள் மீளக் கட்டப்படுமுன்னரே முரசு தெருவுக்கு வந்தது. இப்பாடசாலையின் பழைய மாணவரான இசைக்கலைஞர் ஜோன் பட்டீஸ்ட், தம் இசைத்தொகுப்பொன்றின் தலைப்புப் பாடலிலே இவ்வாத்தியக் குழுவையும் சேர்த்துக்கொண்டார். 2022இல் அத்தொகுப்பு ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. இங்கு பழைய மாணவர் என்னும் சொல் வருடாந்த விருந்துக்குக் கூடுவோரைக் குறிப்பதன்று. பெற்றதைத் திரும்பக் கொண்டுவருவோரையே குறிக்கின்றது.

இச்செய்திகளை வன்னி மண்ணிலே நின்று நோக்கும்போது அவை தொலைதூரத்துக் கதைகளாகத் தோன்றா. 2008, 2009ஆம் ஆண்டுகளில் இறுதிப் போரின்போது வன்னிப் பெருநிலத்தின் பாடசாலைகள் மாணவரோடும் ஆசிரியரோடும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வவுனியாவின் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியதான மெனிக் பாம் முகாம், பூவரசங்குளத்துக்கு அப்பால் மேற்கே செட்டிகுளத்தில் அமைந்திருந்தது. அது 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. முட்கம்பி வேலிக்குள் கூடாரங்களிலே வகுப்புகள் நடந்தன. மீண்டும் தம் ஊர்களுக்குச் சென்ற பாடசாலைகள் மேசை, கதிரை முதல் யாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. அப்பணியில் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிலுள்ள பழைய மாணவர் சங்கங்களின் பங்கு பெரிது. கட்டடமும் கணினியும் வாங்கிக் கொடுப்பது போன்றே முரசும் குழலும் வாங்கிக் கொடுப்பதும் அவசியந்தானா என்னும் கேள்வி எழுதல் இயல்பு. வறிய பெற்றோர்மீது சீருடைச் செலவு சுமத்தப்படுமாயின் அக்கேள்வி நியாயமானதுமாகும்.

ஆயினும் வரலாறு தரும் விடை வேறாகும். அச்சத்தினால் தலைகுனிந்து வரிசையில் நிற்கப் பழகிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள், தாமே விரும்பி வரிசையில் நின்று, தலைநிமிர்ந்து தம் ஊர்த் தெருவில் நடப்பது சிறிய காரியமன்று. வரிசை ஒன்றே, அதன் பொருள் வேறு. அப்பொருளைத் தீர்மானிப்பது முரசு யாருக்காக ஒலிக்கின்றது என்பதேயாகும். விருந்தினரை வாயிலிலிருந்து மேடைவரை அழைத்துச் செல்வதுடன் அதன் பணி முடிந்துவிடுமாயின், கம்பனியாரின் முரசறைவோருக்கும் இம்மாணவருக்கும் வேறுபாடு அதிகமில்லை. ஊரின் நூலகம் திறக்கப்படும்போதும், குளக்கட்டுத் திருத்தும் சிரமதானத்தின்போதும், முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவியை ஊர் வழியனுப்பும்போதும் அது ஒலித்தல் வேண்டும். அவ்வாறு ஒலிக்கும்போது, அதிகாரத்தின் முன்னே நடந்த முரசு மக்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கும். அந்நடையைக் கற்பிப்பதே பாடசாலை வாத்தியக் குழுவின் கடமையும், அதன் பழைய மாணவர் ஏற்கவேண்டிய பொறுப்புமாகும்.