வயல்கிளியும் வந்தகிளியும்

எலவனாசூர்கோட்டைப் பக்கம் மக்காச்சோளம் பால்பிடிக்கும் நேரத்தில் தகரம் தட்டிக் கிளி விரட்டுவார்கள். பனைப்பொந்திலிருந்து எடுத்த குஞ்சை ஊட்டி வளர்ப்பதும் நம் ஊர்களில் நடப்பதுதான். இப்போது அந்தப் பச்சைக்கிளியோடு, நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்றழைக்கும் பட்ஜெரிகர், காக்கட்டீல், வசதியான வீடுகளில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி என வெளிநாட்டுக் கிளிகளும் கூண்டில் இருக்கின்றன. வளர்த்தவர் வெளியூர் போகிறார், இறந்துபோகிறார், இல்லையென்றால் சலித்துப்போகிறார். கிளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு கிளிக்கும் ஒரே விடை கிடையாது. ஒன்றுக்குச் சரியானது மற்றதைக் கொன்றுவிடும்.

பச்சைக்கிளிக்கு வேறொரு வீடு தேடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூர் பக்கம் ஒரு ஜோசியக்காரரின் கிளிகளை வனத்துறை கைப்பற்றியது. ஊடகங்கள் அதில் அரசியலைத் தேடின. கிளிகள் எங்கே போயின, பறந்தனவா என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஏனென்றால் சட்டத்துக்குப் பயந்து இருட்டில் கூண்டைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. இறக்கை வெட்டப்பட்ட கிளிக்கு அடுத்த இறகுதிர்வு வரை பறக்க வராது. குஞ்சிலிருந்தே சோறு தின்றதற்கு வேப்பம்பழமோ அத்திக்காயோ இரையென்று தெரியாது. பூனைக்குப் பயப்படவும் அது கற்றிருக்காது. வனத்துறையிடம் ஒப்படைத்து, நீண்ட பறவைக்கூடத்தில் தன்னினத்தோடு சில மாதங்கள் விட்டு, மார்புத்தசை தேறிய பிறகே வெளியே விடவேண்டும். அப்படித் தேறிய கிளிக்குக் கல்வராயன் அடிவார மாந்தோப்பும், வயலோரப் பனையும் போதும். இறக்கை எலும்பு முறிந்துபோனது மட்டும் உயிரியல் பூங்காவில் காலம் தள்ளும்.

சாம்பல் கிளிக்கு இந்த வானம் ஊரல்ல. மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காட்டிலிருந்து பிடித்துப் பிடித்தே அருகிப்போன இனம் அது. காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கு 2016-இல், அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு தடை விதித்தது. இங்கே கூண்டைத் திறந்தால் அது காகத்துக்கு இரையாகும். அதற்கு வேண்டியது மனிதர்தான், அதிலும் நாற்பது ஐம்பது ஆண்டு உடனிருக்கக்கூடிய வீடு. ஒருவரோடு ஒட்டிப் பழகும் இந்தக் கிளி, பிரிந்தால் தன் நெஞ்சிறகைத் தானே பிடுங்கிப்போடும். போன வீட்டுக்காரரின் இருமலைப் புது வீட்டில் இருமிக் காட்டும். அதைக் கேட்டு எரிச்சல்படுகிறவரிடம் கிளியைக் கொடுக்கக் கூடாது.

ஆகவே, கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுப்பது தீர்வாகாது. பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? சமையலறையில் நான்-ஸ்டிக் சட்டி உண்டா? காய்ந்து போகும்படி அடுப்பில் விட்ட அந்தச் சட்டியின் புகை நிமிடங்களில் கிளியைக் கொல்லும். சூரியகாந்தி விதை மட்டுமே தின்று வளர்ந்ததா? அப்படியானால் கல்லீரல் கொழுத்திருக்கும். கீரை, கேரட், பயறு என மெல்ல மாற்றப் பொறுமை வேண்டும். பழைய கூண்டையும் கூடவே அனுப்பவேண்டும். கைமாற்றியதை 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவேண்டும். பட்ஜெரிகருக்கும் காக்கட்டீலுக்கும் இந்தப் பதிவு கிடையாது. எளிதாக வாங்குவதும் எளிதாகக் கைவிடுவதும் அவற்றைத்தான் என்பது என் கணிப்பு.

கனடாவின் வான்கூவர் தீவில் கைவிடப்பட்ட கிளிகளுக்கென்றே ஒரு பெரிய புகலிடம் இருந்தது. அதை நடத்திய பெண்மணி 2016-இல் இறந்தார், அந்த ஆண்டே இடமும் மூடப்பட்டது. 500-க்கும் மேற்பட்ட கிளிகளுக்கு மறுபடி வீடு தேடும்படி ஆயிற்று. நல்ல மனம் ஒன்றையே நம்பிக் கட்டியதால் வந்த நிலை இது. பச்சைக்கிளிக்கு ஒருமுறை உழைத்தால் போதும், அது நம்மை விட்டுப் போய்விடும். சாம்பல் கிளியை ஏற்பவர், தனக்குப் பின் அது யாரிடம் போகவேண்டும் என்று அன்றைக்கே எழுதி, அந்த ஆளின் சம்மதத்தையும் வாங்கிவைக்கவேண்டும்.