பாயிலே பூத்த இயற்கை



பாய் என்றதும், "இதிலே என்னங்க சரித்திரம் இருக்கு?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். விருந்தாளி வந்தால் நாம் முதலில் விரித்தது பாய். பிள்ளையைப் படுக்க வைத்தது பாய். அந்தச் சாதாரணப் பொருளுக்குப் பின்னால் ஆறும், புல்லும், மரமும், மனித உழைப்பும் இருக்கின்றன. சற்றே பார்ப்போம், வாருங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. நம் நாட்டுக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் குப்புசாமி 1887இல் பிறந்தது பத்தமடையில்தான். பின்னாளில் சுவாமி சிவானந்தர் என்று உலகம் போற்றியது அவரைத்தான்.

தாமிரபரணிக் கரையிலே விளையும் கோரைப் புல்லை வெட்டி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறவைப்பார்கள். பிறகு மெல்லிய இழையாகக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்தி அல்லது பட்டு நூலைப் பாவாகக் கட்டி நெய்வார்கள். லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் கைத்தொழில் இது. பெண்களின் உழைப்பே இதில் அதிகம். உயர்ந்த ரகப் பாயைத் துணிபோல மடித்து வைக்கலாம். கலியாணப் பாயிலே மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள்.

நிறம் எங்கிருந்து வந்தது? பதிமுகக் கட்டையைக் கொதிக்க வைத்தால் சிவப்பு இறங்கும். இதே மரத்தை மலாய்க்காரர்கள் 'செப்பாங்' என்பார்கள். சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஏறிய சோழமண்டலக் கரைத் துணிகள், 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிக்கும் முன்பே நம் துறைமுகத்தில் வந்து இறங்கின.

இனி பவானிக்குப் போவோம். காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊர் ஜமக்காளத்துக்குப் பேர் போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேய ஆலைத்துணி வந்து கைத்தறியை நெருக்கியது. நெசவாளிகள் கையைக் கட்டி உட்கார்ந்துவிடவில்லை. தடித்த வண்ண நூலை எடுத்து, குழித்தறியிலே பட்டை பட்டையாக ஜமக்காளம் நெய்தார்கள். பிற்காலத்தில் விசைத்தறி போட்டிக்கு வந்தது. 1985இல் இந்தியா கொண்டுவந்த சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியது.

அக்கரைக் கதை போதும். மலாக்கா கம்பங்களில் மலாய்ப் பெண்கள் முடையும் மெங்குவாங் பாயைப் பார்த்திருக்கிறீர்களா? தாழை இனத்து ஓலையின் முள்ளை நீக்கி, கீறி, ஊறவைத்து, காயவைத்து, சாயமேற்றி முடைகிறார்கள். பின்னலுக்குப் பேர் 'கெலாராய்'. மலாய்க் கைவினையில் வழங்கும் கோலங்களின் பெயரைக் கேளுங்கள்: 'பூச்சோக் ரெபோங்' என்றால் மூங்கில் குருத்து, 'சீக்கு கெலுவாங்' என்றால் பழந்தின்னி வௌவாலின் முழங்கை, 'பூங்கா தஞ்சோங்' என்றால் நம்ம மகிழம்பூ! தாங்கள் தினம் பார்த்ததையே அவர்கள் கோலமாக்கினார்கள்.

பெற்றோர்களே, நாம் தினம் பார்த்தது எது? 1896இல் டான் சே யான் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் தலைமுறை தலைமுறையாக நம்மவர் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவினார்கள். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் குறையும். அந்தக் கைப்பக்குவம் நெசவாளியின் பக்குவத்துக்குக் குறைந்ததா? ஆனால் ஒரு காம்பிலே மூன்று சிற்றிலை விரியும் அந்த ரப்பர் இலை, நம் வீட்டுப் பாயிலும் விரிப்பிலும் எங்கே இருக்கிறது?

ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. பிளாஸ்டிக் பாய் மலிவு. ஒரு நல்ல கோரைப் பாய்க்கு வாரக்கணக்கில் கை வலிக்க வேண்டும். இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்டால், கை வேலை செய்பவர் பிள்ளைக்கு அந்தத் தொழில் போய்ச் சேராது. கைப்பொருள் வாங்கும்போது உழைப்பைப் பார்த்துப் பேரம் பேசுங்கள், ஐயா.

மாணவமணிகளே! ஓவிய நோட்டிலே ரப்பர் இலையை வரையுங்கள். ரப்பர் விதையின் புள்ளியை வரையுங்கள். பாட்டியிடம் பழைய பெயர்களைக் கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். மரம் போனாலும் கோலம் நிற்கும். அந்தக் கோலத்தைப் போட வேண்டியது உங்கள் கைதான்!