முகம், பின்புலம், பெயர்: ஆனந்திபாய் ஜோஷியின் ஒளிப்படத்தை வாசித்தல்

1885 அக்டோபர் 10 என்று நாளிடப்பட்ட ஓர் ஒளிப்படம் இன்று இணையமெங்கும் பரவியிருக்கிறது. பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் மாணவியர் மூவர் அதில் அமர்ந்திருக்கின்றனர். இடப்புறம் சேலையில் ஆனந்திபாய் ஜோஷி, நடுவில் கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண் கெய் ஓகாமி, வலப்புறம் டமாஸ்கஸ் நகரத்து சபாத் இஸ்லாம்பூலி. படத்தின் கீழே மூவர் பெயரும் ஊரும் 'டாக்டர்' என்ற அடைமொழியுடன் காணப்படுகின்றன.

அந்த அடைமொழி கவனத்துக்குரியது. படம் எடுக்கப்பட்ட நாளில் மூவரில் எவரும் பட்டம் பெற்றிருக்கவில்லை. ஆனந்திபாய் 1886 மார்ச்சிலும், ஓகாமி 1889இலும், இஸ்லாம்பூலி 1890இலும்தான் பட்டம் பெற்றனர். எனவே முகங்கள் ஒரு காலத்தையும் அவற்றின் கீழுள்ள சொற்கள் வேறொரு காலத்தையும் பேசுகின்றன. ஆனந்திபாயின் ஊராகக் குறிக்கப்படுவது புனே அன்று. செராம்பூர் என்று கொள்ளத்தக்க, பிழைபட எழுதப்பட்ட ஒரு பெயர். அஞ்சல் துறைப் பணியிலிருந்த கணவர் கோபால்ராவுடன் அவர் வங்காளத்தில் வாழ்ந்து, அங்கிருந்தே 1883இல் கப்பலேறினார் என்பதே அதன் காரணம். ஓர் உருவப்படம் சொல்லும் கதையை முகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பின்புலத்தை அமைத்தவரும் படக்குறிப்பை எழுதியவரும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றனர். இதை விளங்கிக்கொள்ள, மேற்கிந்திய ஒளிப்பட வரலாற்றில் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பம்பாய் ஒளிப்படச் சங்கம் 1854இல் தோன்றியது. மருத்துவரும் அறிஞருமான பாவ் தாஜி போன்ற இந்தியரும் அதில் உறுப்பினர்களாயிருந்தனர். அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவரான வில்லியம் ஜான்சன், வில்லியம் ஹெண்டர்சனுடன் இணைந்து 1856 முதல் 1858 வரை ஒளிப்படத் தொகுதி ஒன்றை மாதந்தோறும் வெளியிட்டார். பின்னர் பம்பாய்வாழ் இனங்களையும் குலங்களையும் பற்றிய இரு நூல்களை அவர் லண்டனில் பதிப்பித்தார். 1863இல் வந்த முதல் தொகுதி குஜராத், கட்ச், கத்தியவார் பகுதிகளைப் பற்றியது. 1866இல் வந்த இரண்டாம் தொகுதி புனேயை உள்ளிட்ட மராட்டிய நாட்டைப் பற்றியது.

இந்நூல்களின் படங்களில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மனிதர்களை ஓரிடத்தில் படமெடுத்து, வேறிடத்தில் எடுத்த நிலக்காட்சியையோ கட்டடத்தையோ அவர்களுக்குப் பின்னால் பொருத்தியிருக்கிறார் ஜான்சன். உற்றுநோக்கினால் உருவங்களின் விளிம்பும் நிழல் விழும் திசையும் பின்புலத்துடன் ஒத்துப்போகாமையைக் காணலாம். அக்கால ஐரோப்பாவில் இது புதிதன்று. 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ஒரே காட்சியை உருவாக்கினார். ஆனால் அவர் படைத்தது உருவகக் கலை. பார்ப்போரும் அதை அவ்வாறே அறிந்திருந்தனர். ஜான்சனின் படங்களோ இன்ன குலத்தார் இவ்வாறிருப்பர் எனும் அறிவியல் சான்றாக முன்வைக்கப்பட்டன.

தமிழ்நாட்டு நிகழ்வொன்று இங்கு ஒப்பிடத்தக்கது. சென்னை அரசின் ஒளிப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். ஓரிடத்தை முழுமையாகக் காட்டுவதற்காகவே அந்த ஒட்டுவேலை நிகழ்ந்தது. ஜான்சனின் ஒட்டுவேலையோ, மனிதர் நின்றிராத இடத்தில் அவரை நிறுத்தியது. ஒரே தொழில்நுட்பம் ஒன்றில் ஆவணமாகவும் மற்றொன்றில் புனைவாகவும் பயன்பட்டிருக்கிறது.

இப்புனைவுக்குத் துணைநின்றது பெயரின்மை. அப்படங்களில் உள்ளோர் பெரும்பாலும் சாதியின் பெயராலோ தொழிலின் பெயராலோ மட்டுமே சுட்டப்படுகின்றனர். தனிமனிதர் 'வகை'யாகிறார், ஊர் திரைச்சீலையாகிறது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த 'இந்திய மக்கள்' நூல் இம்முறையை அரசுத் திட்டமாகவே வளர்த்தது. 1869இல் லண்டனில் இந்நூலைக் கண்ட சையது அகமது கான், ஒரு நிகழ்ச்சியைக் கடிதத்தில் பதிவுசெய்துள்ளார். அவர் மகன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நீர் இந்துஸ்தானியரா என்று ஆங்கிலேய இளைஞர் ஒருவர் வினவினார். மகன் முகம் சிவந்து, ஆம் என்றார். உடனே, தாம் பழங்குடியினர் அல்லர் என்றும் தம் முன்னோர் வேற்று நாட்டிலிருந்து வந்தோர் என்றும் விரைந்து சேர்த்தார். அவர் வகைப்பாட்டை மறுக்கவில்லை. அதிலிருந்து தப்பிக்க மட்டுமே முயன்றார். படத்தொகுப்பு படிக்கும் கண்ணையும் பழக்கிவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

இப்பின்னணியில் 1885ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரும்பினால் அதன் இருமை விளங்கும். மூன்று நாட்டுப் பெண்கள், மூன்று நாட்டு உடைகள், கீழே நாட்டின் பெயர்கள்: அமைப்பளவில் இது 'வகை'ப் படங்களின் வாரிசே. அமெரிக்கப் பார்வையாளர்க்கு அது கீழைநாடுகளின் கண்காட்சியாகவும் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் ஆனந்திபாய்க்கு அச்சேலை வேறு பொருளுடையது. புறப்படுமுன் செராம்பூர்க் கல்லூரியில் ஆற்றிய உரையில், இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்பி வாழ்வதாக அவர் அறிவித்திருந்தார். ஒன்பது வயதில் மணமாகி, பதினான்காம் வயதில் பெற்ற குழந்தையைப் பத்து நாட்களில் இழந்து, கடல்கடந்த குற்றத்துக்காகத் தம் சமூகத்தின் ஏச்சை எதிர்நோக்கியிருந்த ஒரு பெண்ணுக்கு, பிலடெல்பியாக் குளிரிலும் களையாத அவ்வுடை வாக்குறுதியைக் காத்ததற்கான அத்தாட்சி. ஜான்சனின் படங்களில் உடை சாதியை அடையாளங்காட்ட, இங்கு அது ஒருவரின் முடிவைக் காட்டுகிறது. பிழையான ஊர்ப்பெயருடனாயினும், தம் பெயர் எழுதப்பட்ட படம் என்பதே இவ்வேறுபாட்டை நாம் அறிய வழிசெய்கிறது. பெயர் இருப்பதால் கடிதங்களைத் தேட முடிகிறது. காஷிபாய் கனிட்கர் மராத்தியில் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும், புனேயில் வாழ்ந்த மீரா கோசாம்பியின் ஆய்வையும் அப்படத்துடன் வைத்துப் படிக்க முடிகிறது.

பட்டம்பெற்றுத் திரும்பிய ஆனந்திபாய் கோலாப்பூர் மருத்துவமனையில் மகளிர் பிரிவுப் பொறுப்பை ஏற்கவிருந்தார். காசநோய் அதற்கு இடந்தரவில்லை. 1887 பிப்ரவரி 26 அன்று, 22 வயது நிறைவதற்குமுன், புனேயில் இறந்தார். அவருடைய சாம்பல் அமெரிக்காவில் அவரைப் பேணிய தியோடிசியா கார்பென்டருக்கு அனுப்பப்பட்டு, நியூயார்க் மாநிலத்துப் பூகீப்சி கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. இறந்த ஊரான புனே புகழ்பெற்ற அப்படத்தின் எழுத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் மறவாதிருத்தல் நலம். பெயருடன் ஆவணத்தில் நுழைய முடிந்தவர் கல்வி வாய்த்த ஒரு சித்பாவனப் பிராமணப் பெண். அதே மராட்டிய நாட்டின் கைவினைஞரும் உழைக்கும் சாதியினரும் ஜான்சனின் ஏடுகளில் இன்றும் சாதிப்பெயராகவே நிற்கின்றனர். பாடநூல்களும் கண்காட்சிகளும் அப்படங்களைப் 'பழைய மகாராட்டிர வாழ்க்கை' என எடுத்தாளும்போது, அன்று நிகழ்ந்த பெயரழிப்பு மறுபடியும் நிகழ்கிறது. காலனியகால உருவப்படமொன்றை மேற்கோளாகப் பயன்படுத்தும் ஆய்வாளர், பின்புலம் எங்கிருந்து வந்தது, படக்குறிப்பு எப்போது யாரால் எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்ற மூன்று வினாக்களையேனும் எழுப்ப வேண்டும். அவற்றை எழுப்பாமல் படத்தை எடுத்தாள்வது, ஜான்சன் ஒட்டிய பின்புலத்தை மறுபடியும் ஒட்டுவதற்கு ஒப்பாகும்.