பகுத்தறியும் வயது எது?

சிறுவன் ஒருவன் குற்றம் புரிந்தால் சட்டம் முதலில் கேட்க வேண்டியது எது? “என்ன செய்தான்?” என்பதா, “செய்ததன் தன்மையை அறிந்திருந்தானா?” என்பதா? நமது புதுவை இவ்வினாவை இருமுறை சந்தித்திருக்கிறது.

பிரெஞ்சிந்தியாவில் வழங்கிய 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 16 வயது நிரம்பாதவரிடம் நன்மை தீமையைப் பகுத்துணரும் ஆற்றல் இருந்ததா என ஆராயப் பணித்தது. இல்லையெனில் விடுதலை. ஆயினும் அவரைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். அல்லது அதிக அளவாக 20 வயதுவரை திருத்த இல்லத்தில் வைக்கலாம். ஆற்றல் இருந்ததெனில் குறைக்கப்பட்ட தண்டனை. எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயரின் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமோ இவ்வினாவை 7 முதல் 12 வயதுவரை மட்டுமே எழுப்பியது. ஆகவே 14 வயதுச் சிறுவனைக் குறித்துப் புதுவையில் எழுந்த கேள்விக்கு அண்டையிலுள்ள கடலூரில் இடமில்லை.

எனினும் அங்கும் மனமாற்றம் நிகழ்ந்தது. 1887இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தோன்றியது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவின் முதல் சிறுவர் சட்டத்தை இயற்றியது. சிறைக்கூடம் சிறுவரைத் திருத்தாது, கெடுக்கும் என்பதே அதன் உட்கருத்து.

1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபின் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கு வந்தன. 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என வயது வரம்பு வகுத்தது. 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலர்க்கும் 18 என்றது. 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமை நாட்டை உலுக்கிற்று. அதன்பின் வந்த 2015ஆம் ஆண்டின் சட்டம், கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்படும் 16 வயது நிரம்பியோரிடம் அதற்கான உடல், மன ஆற்றலும் விளைவை உணரும் திறனும் இருந்தனவா என மதிப்பிடுமாறு சிறார் நீதிக் குழுமத்தைப் பணிக்கிறது. பழைய வினா புதுக்கோலத்தில் திரும்பியது.

ஆனால் அச்சட்டம் மேலும் ஒன்றை ஆராயச் சொல்கிறது: குற்றம் நிகழ்ந்த சூழ்நிலை. பகுத்தறிவு சிறுவனுடையது, சூழ்நிலையோ நம் அனைவருடையது. பள்ளியை விட்டு நின்றவனைத் தேடிச் சென்றவர் யார்? குடியால் சிதைந்த இல்லத்தின் கதவைத் தட்டியவர் யார்? குழுமத்தின்முன் வழக்கு முடிந்தவனுக்கு அவ்வழக்கால் எத்தகுதியிழப்பும் நேரலாகாது என்பது சட்டத்தின் பொது விதி. அவனுக்கு வேலை தரவும், அவனுக்காகப் பிணை நிற்கவும் எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்த இயலாது. அதை நாமே மனமுவந்து செய்தல் வேண்டும். சிறுவனின் பகுத்தறிவை அளக்கும் முன், நமது பொறுப்புணர்வையும் அளந்து பார்ப்போம்.