இரண்டாவது வதிவிடம்: அல்லைப்பிட்டி மரண அறிவித்தல்களும் ஐரோப்பாவுக்குள் நாடு மாறலும்

‘அல்லைப்பிட்டி 1ம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனியை வதிவிடமாகவும், லண்டனைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட’ என்ற வாய்பாட்டில் அமையும் மரண அறிவித்தல்களை, ஐரோப்பாவுக்குள் தமிழர் விரும்பியபடி நடமாடியதற்குச் சான்றாகக் காட்டும் வாசிப்பு ஒன்று புலப்பெயர்வு ஆய்வில் வேரூன்றியிருக்கிறது. நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள் ஆங்கிலக் கல்வி, உறவினர், கோயில் என்பவற்றை நாடி நாடு மாறினார்கள் என்பது அதன் சாரம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. அந்த இரண்டாவது வதிவிடம் பெரும்பாலும் குடியுரிமையின் விளைவு. வதிவுரிமைக்கு அதில் பங்கு மிகச் சிறிது.

சான்றின் இயல்பை முதலில் பார்க்கவேண்டும். அறிவித்தலில் பிறந்த வட்டாரம் பிசகாமல் வரும். பெற்றோர் பெயருக்கு முன் ‘காலஞ்சென்றவர்களான’ வரும். பிள்ளைகள், சகோதரர், மைத்துனர் என ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு: பிரான்ஸ், சுவிஸ், கனடா, லண்டன். (லண்டன் இங்கே ஒரு நாடுதான்.) அடியில் தொலைபேசி எண்கள். ஆண்டு என்று ஏதும் வந்தால் அது பிறப்புக்கும் இறப்புக்கும் மட்டுமே. இறந்தவர் எப்போது ஜேர்மனிக்கு வந்தார், எந்த ஆவணத்தோடு அங்கே இருந்தார், எப்போது ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார் என்பவற்றுக்கு அதில் இடமில்லை. வரிசை உண்டு, காலம் இல்லை. முந்தைய வாசிப்பு அந்த வெற்றிடத்தை விருப்பத்தால் நிரப்பியது. சட்டத்தின் ஆண்டுகளால் அதை நிரப்பிப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது.

ஐந்தாண்டு சட்டபூர்வமாக வாழ்ந்த அயல்நாட்டவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னோர் உறுப்பு நாட்டுக்குப் போய்த் தங்க வழிசெய்தது 2003 நவம்பர் 25ஆம் திகதிய பணிப்புரை (2003/109). 2006 ஜனவரிக்குள் அது உள்நாட்டுச் சட்டமாகவேண்டியிருந்தது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் டென்மார்க்கும் அதில் சேரவில்லை. சுவிஸும் நோர்வேயும் ஒன்றியத்திலேயே இல்லை. ஆக, அறிவித்தல்களின் அடைப்புக்குறிகளில் அடிக்கடி வரும் ஐரோப்பிய நாடுகளில் பலவற்றுக்கு இச்சட்டம் செல்லாது. ஜேர்மனியின் வதிவுரிமையை மட்டும் வைத்திருந்தவருக்கு அது லண்டனை ஒருநாளும் திறந்துவிடவில்லை.

மூலப் பணிப்புரை அகதிகளை வெளிப்படையாகவே விலக்கியது என்பது அதைவிட முக்கியம். 2011இன் திருத்தம்தான் (2011/51) அவர்களைச் சேர்த்தது. அதற்கான கெடு 2013 மே 20. 1990இல் யாழ்ப்பாணத் தீவகத்தில் இராணுவம் இறங்கியபின் அங்குள்ள அல்லைப்பிட்டியை விட்டு வெளியேறி, பிரான்சில் அகதியாக ஏற்கப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பயண ஆவணத்தின் அட்டையில், மேல் மூலையில் இரண்டு சாய்கோடுகள். உள்ளே ‘இலங்கை நீங்கலாக’ என்ற குறிப்பு. பிரான்சிலிருந்து ஜேர்மனியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வர அது போதும். அங்கே வேலை எடுக்கவோ வீடு எடுக்கவோ போதாது. முந்தைய வாசிப்பு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. நாடு மாறும் உரிமைக்காக அவர் 2013வரை காத்திருக்கவேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவோ பொதுவாக ஐந்தாண்டு வதிவு போதும்.

எல்லோரும் அகதிகள் அல்லரே என்ற மறுப்பை மதிக்கவேண்டும். பின்னாளில் விசா கிடைத்தோரிலும், குடும்ப இணைவில் வந்தோரிலும் பலர் 2006 முதலே தகுதி பெற்றிருக்கக்கூடும். ஆனால் தகுதி வேறு, அட்டை வேறு. ‘பத்து வருசக் காட்’ என்று பிரான்சில் நம்மவர் சொல்வது இரு வகை. சாதாரண வதிவு அட்டைக்கும் பத்தாண்டு. ‘ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வதிவாளர்’ என்று பொறித்த அட்டைக்கும் பத்தாண்டு. நாடு மாறும் உரிமை பின்னதற்கே. ஜேர்மனியிலும் இப்படி இரண்டு நிரந்தர அனுமதிகள் அருகருகே உள்ளன. சரியான அட்டையோடு போனாலும் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். வருமானமும் நோய்க் காப்புறுதியும் காட்டச் சொல்லலாம். அந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் இல்லையா என்று 14ஆம் உறுப்பின்படி இரண்டாம் நாடு பரிசோதிக்கலாம். பாரிஸ் உணவகமொன்றின் சமையலறையில் நிற்பவர் இத்தனையையும் தாண்டி டோர்ட்முண்டுக்குக் குடிபோயிருப்பார் என்பதைவிட, குடியுரிமைக்குக் கோப்புக் கொடுத்திருப்பார் என்பதே நம்பத்தக்கது.

ஒன்றியக் குடிமகனின் மனைவியாகவோ கணவனாகவோ லண்டன் போனவர்கள் உண்டு. அதுவும் இன்னொருவரின் குடியுரிமையால் வந்த உரிமையே. மாணவர் விசா, வேலை விசா என்பன முதல் தலைமுறையில் விளிம்பு நிகழ்வுகள். அவற்றுக்காக வாதத்தை மாற்றத் தேவையில்லை. மொழியும் கல்வியும் கோயிலும் ஏன் லண்டன் என்பதற்கு விடையாகலாம். எப்போது, யாரால் முடிந்தது என்பதற்கு ஆகா.

இவ்வாசிப்பைச் சோதிக்க வழியுண்டு. 2020 டிசம்பர் 31உடன் ஒன்றியக் கடவுச்சீட்டுக்கும் லண்டன் வழி அடைபட்டது. ஆகவே அதன்பின் நாடு மாறிய தலைமுறையின் அறிவித்தல்களில் ‘ஜேர்மனி, லண்டன்’ என்ற இணை அருகவேண்டும். அல்லைப்பிட்டியில் நடந்த 2006 மே 13 படுகொலைக்குப் பின் வெளியேறி அகதிநிலை பெற்றவர்களோ, 2013இல் செயலுக்கு வந்த திருத்தத்தை உரிய வேளையில் எட்டிய முதல் கூட்டம். அவர்களிடமும் ‘பிரான்ஸ், ஜேர்மனி’ என்ற இணை அரிதாகவே தென்படும் என எதிர்பார்க்கிறேன். ஆனால் அவர்களில் பலர் இன்று நடுவயதினர். அறிவித்தல்களைக் கொண்டு அதைப் பார்க்க வெகுகாலம் செல்லும்.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரான்சில் ஆணை மூலம் குடியுரிமை பெறுவோரின் பெயரும் பிறந்த திகதியும் பிறந்த ஊரும் அந்நாட்டின் அரச இதழில் வெளியாகின்றன. அந்த ஆணைகளின் ஆண்டுகளை அறிவித்தல்களின் வரிசையோடு பொருத்தினால், இரண்டாவது வதிவிடம் கடவுச்சீட்டுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பது பெருமளவு தெளிவாகும். திருமணத்தின் வழி அறிவிப்பு முறையில் குடியுரிமை பெற்றோர் அந்த ஆணைகளில் வருவதில்லை. அவர்களுக்குக் குடும்பக் கோப்புகளைத்தான் தேடவேண்டும்.