சிறு உருவம், பெரிய சுற்றம்

பொழுதுபோக்கு என்பது தனிமையில் செய்யப்படுவது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒருவர் அறைக் கதவைச் சார்த்திக்கொண்டு, தகரமும் மரத்துண்டும் பசையுமாக அமர்ந்து கப்பலோ ரயிலோ செய்யத் தொடங்கினால், அவர் உலகத்தை மறந்துவிட்டார் என்றே வீட்டார் கருதுவர். ஆனால் சிற்றுருவங்கள் செய்யும் கலையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு வேறொரு செய்தி புலப்படும். தனியே அமர்ந்து செய்த பொருளை நாலு பேர் நடுவே வைக்க வேண்டும் என்ற ஆவல் சங்கங்களைத் தோற்றுவித்தது. சங்கங்கள் கண்காட்சிகளை நடத்தின. அக்கண்காட்சிகளில், பிறப்பாலும் பதவியாலும் ஊராலும் தொடர்பற்ற மனிதர்கள் ஒருவருக்கொருவர் சுற்றமாயினர். சொந்த ஊரை விட்டு வந்து அயல் மாநிலங்களில் வாழ்வை அமைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்கத் தக்கது உண்டு.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'மாடல்' என்பதைத் தமிழில் பெயர்க்கப் புகுந்தால் 'மாதிரி' என்பதே முன்வந்து நிற்கிறது. கடைக்காரர் காட்டும் துணித் துண்டும் மாதிரிதான். பின்பற்றத் தக்க பெரியோரின் வாழ்க்கையும் மாதிரிதான். ஈண்டு நாம் கருதுவதோ, உண்மைப் பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்த உருவம். அதனைச் 'சிற்றுரு' என வழங்குவோம். 72-இல் ஒரு பங்கு என்று விகிதம் கொண்டால், ஆறடி உயர மனிதன் ஓரங்குல உயரம் நிற்பான். அவன் ஏறும் விமானத்தின் சிறகும் சக்கரமும் அதே கணக்கில் சுருங்கும். இவ்விகிதமே இக்கலையின் இலக்கணம். இலக்கணம் பொதுவாக இருப்பதனாலேயே ஒருவர் செய்த விமானத்தின் அருகே முன்பின் அறியாத மற்றொருவர் செய்த விமானத்தை வைக்க முடிகிறது. விகிதம் என்பது கணக்கு மட்டுமன்று. அது ஓர் உடன்படிக்கையும் ஆகும்.

இக்கலை சங்கமாக உருப்பெற்றது இங்கிலாந்தில். அதற்கு ஓய்வு நேரம் வேண்டியிருந்தது. 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளைஞருக்கும் சனிக்கிழமை வேலை பிற்பகல் இரண்டு மணிக்கு முடிய வேண்டும் என விதித்தது. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை பின்னர்ப் பிற தொழில்களுக்கும் படிப்படியாகப் பரவிற்று. கையில் பொழுதும், கொட்டகையில் காலால் மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரமும் வாய்த்தவர்கள் பலராயினர். 1898-ஆம் ஆண்டு பெர்சிவல் மார்ஷல் என்பவர் லண்டனில் 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஒருவரையொருவர் அறியாது ஆங்காங்கே உழைத்துக்கொண்டிருந்தோர் அதன் பக்கங்களில் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். அதே ஆண்டில் அவர்களுக்கென ஒரு சங்கமும் லண்டனில் அமைந்தது. 1907-இல் முதற் கண்காட்சி நடைபெற்றது. அலுவலக எழுத்தரும் பட்டறைத் தொழிலாளரும் தேர்ந்த பொறியியலாளரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றனர். மேசைமேல் இருந்த நீராவி இஞ்சின் ஓடிற்றா, இல்லையா என்பதே அங்கே மதிப்பின் அளவுகோல். வகுப்பு வேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்து ஆங்கிலச் சமூகத்தில் இது சிறிய செய்தி அன்று.

அம்மேசையின் நீதி எத்தகையது என்பதை 1920-களில் மூண்ட ஒரு வாதம் காட்டிற்று. சிறிய ரயில் இஞ்சினுக்கு நிலக்கரித் தீ ஒத்துவராது, சாராய விளக்கே தக்கது என்று வல்லுநர் பலர் கூறிவந்தனர். கர்லி லாரன்ஸ் என்பவர் அதனை மறுத்தார். லண்டன், பிரைட்டன், தென் கடற்கரை ரயில்வேயில் முன்னர்ப் பணிபுரிந்தவர் அவர். அந்த ரயில்வேயின் ஆங்கில முதலெழுத்துக்களாகிய 'எல்.பி.எஸ்.சி.' என்பதையே புனைபெயராகக் கொண்டு எழுதினார். பத்திரிகையில் கடிதப் போர் மூண்டது. ஈற்றில் எழுத்து முடிக்காத வழக்கைத் தண்டவாளம் முடித்து வைத்தது. இரண்டரை அங்குல இடைவெளியுள்ள தண்டவாளத்தில், நிலக்கரி எரியும் அவருடைய குட்டி இஞ்சின், வளர்ந்த மனிதர் அமர்ந்த வண்டியை இழுத்துக் காட்டியது. வென்றவர் அத்தோடு நிற்கவில்லை. அத்தகைய இஞ்சினை எளிய கருவிகளைக் கொண்டு எவ்வாறு செய்வது என்பதை, அருகில் நின்று பேசுவது போன்ற நடையில், 1967-இல் மறையும் வரை தொடர் கட்டுரைகளாக எழுதிவந்தார். கற்றதை மறைக்காமல் கொடுப்பது இச்சங்கங்களின் அறமாயிற்று.

ரயில் சிற்றுருக்களுக்கென 1910-இல் லண்டனில் தோன்றிய மாடல் ரயில்வே கிளப், அத்துறையில் உலகிலேயே மூத்த சங்கம் எனப்படுகிறது. 1960-இல் அது கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தை அடுத்துத் தனக்கெனச் சொந்தக் கட்டடமும் பெற்றது. சங்கம் இருந்தால் பூசலும் இருக்கும் அன்றோ? அவர்களுக்குள் நீண்ட பூசல் ஒன்று தண்டவாள இடைவெளியைப் பற்றியது. ஆங்கில நாட்டு ரயில்கள் சற்றுக் குறுகலானவை. ஆதலின் பொதுவாக வழங்கிய சிறு விகிதத்தில் வண்டியைச் செய்தால், அக்காலத்து மின் மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே வண்டியை 76-இல் ஒரு பங்காகச் சற்றுப் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாள இடைவெளியைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டனர். கணக்குப்படி இருக்க வேண்டியது ஏறக்குறைய 18.83 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான இவ்வேறுபாட்டைப் பொறாதவர்கள் தனிச் சங்கங்கள் அமைத்தனர்; அவற்றுள் ஒன்று 1955-இல் தோன்றியது. இருப்பினும் பொதுக் கண்காட்சி வந்தால் இருதரப்பாரும் ஒரே மண்டபத்தில்தான் மேசை போட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது. ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய நிக்கலஸ் கோவ் என்பவர் 1939-இல் ஏர்ஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காற்றடைத்த ரப்பர் விளையாட்டுப் பொருள்களும், பின்னர்ச் சீப்புகளும் செய்துவந்த அந்நிறுவனம், 1950-களின் முற்பகுதியில் டிரேக் என்னும் மாலுமியின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலை உறுப்பு உறுப்பாகப் பையிலிட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. மறு ஆண்டு ஸ்பிட்ஃபயர் விமானம் வந்தது. கடைசல் இயந்திரம் வாங்க இயலாத பள்ளிச் சிறுவனும் இதனால் சிற்றுருக் கலைஞனானான். "ஒட்டுவது செய்வதாகுமா?" என்று பழைய கைவினைஞர் சிலர் முகம் சுளித்ததும் உண்டு. ஆனால் ஒட்டுவோரும் விரைவில் நுணுக்கம் தேடலாயினர். 1963-இல் பிரிட்டனில் பிளாஸ்டிக் சிற்றுருக் கலைஞர்களின் சங்கம் ஒன்று தோன்றிப் பல நாடுகளில் கிளைவிட்டது. அதன் பிரிட்டிஷ் கிளை டெல்ஃபோர்டு நகரில் நடத்தும் ஆண்டுக் கண்காட்சிக்குக் கடல் கடந்தும் பலர் வருகின்றனர்.

இத்தகைய கண்காட்சியின் நடைமுறை நோக்கத் தக்கது. ஒரு பக்கம் போட்டி மேசை. அங்கே நடுவர்கள் குனிந்து பார்த்துக் குறிப்பெடுப்பர். மற்றொரு பக்கம் ஒவ்வோர் ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு மேசை. அதன் பின்னே செய்தவரே நிற்பார். இடையே பழைய பெட்டிகளும் கருவிகளும் விற்போர், மூலையில் தேநீர். பார்வையாளர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதை எப்படிச் செய்தீர்கள்?" இதற்கு விடை கூறுவதில் ஒருவருக்கும் சலிப்பு வருவதில்லை. வீட்டில் ஒருவரும் கேளாத கேள்வியன்றோ அது! கூச்சத்தால் பொது இடங்களில் வாய் திறவாதவரும், தாம் செய்த பொருள் நடுவே இருக்கும்போது தங்கு தடையின்றிப் பேசுவதைக் காணலாம்.

சங்கத்திலிருந்து எதிர்பாராத விளைவுகளும் தோன்றியதுண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946-இல் ஒரு ரயில் சிற்றுருச் சங்கம் அமைத்தனர். அதில் இரு பிரிவினர் இருந்தனர். மேசைக்கு மேலே மலையும் வீடும் வண்டியும் செய்தோர் ஒரு சாரார். மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு, தொலைபேசித் துறையில் பயன்பட்ட மின் விசைகளைப் பூட்டி ரயில்களை இயக்கியோர் மற்றொரு சாரார். கீழே இருந்தவர்கள் 1950-களின் இறுதியில் கழகத்துக் கணிப்பொறிகளை நாடிச் சென்றனர். இன்று உலகெங்கும் வழங்கும் 'ஹேக்கர்' என்னும் சொல், கணிப்பொறி வல்லோரைக் குறிக்கும் பொருளில் அவர்களிடையே வளர்ந்ததே.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சுக்கு மிக அணுக்கமானவர் ராய் இங்கிலாந்து என்பவர். பெயர்தான் இங்கிலாந்து, பிறந்தது ஆஸ்திரேலியா. 1925-இல் அவர் ஆங்கில நாட்டுக்கு வந்தார். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த குடிசைகளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். அவை ஒவ்வொன்றாக இடிபடுவதையும் உருமாறுவதையும் கண்டு வருந்தி, மறைவதற்கு முன்னே அவற்றை 76-இல் ஒரு பங்காகச் செய்து வைக்க முனைந்தார். ஒருவர் ஆயுளில் முடியக்கூடிய பணியன்று அது. 1954-இல் லாங் விட்டன்ஹாம் சிற்றூரில் பெண்டன் என்ற காட்சியகம் உருவாயிற்று. தன்னார்வத் தொண்டர்கள் வந்து கூடினர். ஜான் அஹெர்ன் என்பார் செய்த 'மேடர் பள்ளத்தாக்கு' என்னும் கற்பனை ரயில் நிலமும், அவர் மறைவுக்குப் பின் அங்கேயே காக்கப்படுகிறது. 1995-இல் ராய் மறைந்த பின்னரும் பணி நிற்கவில்லை. உள்ளூரார் நாள்தோறும் பார்த்துப் பழகியதனால் கவனியாது விட்ட குடிசைகளை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் காத்துக் கொடுத்தார். வந்தேறியவர் என்று அவரை விலக்கியிருந்தால் அவ்வூர்களின் பழைய தோற்றம் அவ்வளவு நுணுக்கமாகக் கிட்டியிராது.

குறைகளும் இல்லாமல் இல்லை. இஞ்சின்மேல் உள்ள ரிவெட்டு ஆணிகளை எண்ணிக் குற்றம் காண்போர் எல்லாச் சங்கத்திலும் உண்டு. அவர்களுக்கு 'ரிவெட்டு எண்ணுவோர்' என்றே பெயர். புதிதாக வந்த இளைஞனின் முதல் முயற்சியை அவர்கள் ஒரு சொல்லால் முறித்துவிடக் கூடும். மேலும், மேலை நாட்டுச் சங்கங்கள் நெடுங்காலம் ஆடவர் கூடமாகவே இருந்தன. பெண்டிர் தேநீர் மேசையருகே நின்ற அளவுக்குப் போட்டி மேசையருகே நிற்கவில்லை. எல்லோருக்கும் திறந்தது என்று சொல்லிக்கொண்ட கதவு பாதியே திறந்திருந்தது.

இவ்விடத்தில் நம் வீட்டுக் கொலு நினைவுக்கு வருகிறது. அது வழிபாடு, போட்டி அன்று. விகிதம் என்ற பேச்சே அங்கில்லை; கோபுரத்தைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக அமர்ந்திருக்கும். ஆயினும் படிக்கட்டின் அடியில் 'பார்க்கு' அமைக்கும்போது, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, கண்ணாடியைக் குளமாக்கிப் பாதை இடுவதும் சிற்றுருக் கலையே. அதனை முன்னின்று நடத்துவோர் பெண்டிர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நவராத்திரி மாலைகளில் மொழி அறியாத அண்டை வீட்டாரும் சுண்டலுக்கு அழைக்கப்படுகின்றனர். பொம்மையைச் சுட்டிக் கேட்கும் கேள்வியில் தொடங்கிய பழக்கம், பின்னர்க் குடும்ப நட்பாக வளர்வதை நம்மில் பலர் அறிவோம். மேலை நாட்டார் மண்டபம் எடுத்துச் செய்ததன் ஒரு கூற்றை நம் தாய்மார் கூடத்திலேயே செய்துவருகின்றனர்.

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அன்பர்கள் சிலர் ஒரு முறையை வகுத்தனர். முழு ரயில் நிலத்தையும் ஒருவரே செய்ய வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் நான்கடி நீளப் பலகை ஒன்றைச் செய்வர். அதன்மேல் பாலைவனம் அமைக்கலாம்; பனிமலை அமைக்கலாம்; பிறந்த ஊரின் கடைத்தெருவும் அமைக்கலாம். பலகையின் இரு ஓரங்களில் மட்டும் தண்டவாளங்கள் குறித்த இடத்தில், குறித்த உயரத்தில் முடிய வேண்டும் என்பது விதி. கண்காட்சி நாளில் பலகைகளை வரிசையாகப் பூட்டுவர். ஒருவர் ஊரில் புறப்படும் ரயில் மற்றவர் ஊர்களையெல்லாம் கடந்து செல்லும். ஓரத்து விதியைக் காத்தால் உள்ளே அவரவர் ஊர் அவரவர்க்கு. பல மொழியாரோடு கூடி வாழும் நமக்கு இதனினும் எளிய பாடம் வேறு வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இக்கலைக்கு வாயில்கள் உண்டு. புனேயில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் காட்சியகத்தை அங்குள்ள தமிழ் அன்பர்கள் தம் குழந்தைகளோடு கண்டு வரலாம். தேசிய மாணவர் படையின் கடற்பிரிவும் விமானப்பிரிவும் கப்பல், விமானச் சிற்றுருக்களில் மாணவர்களுக்குப் பயிற்சியும் போட்டியும் நடத்துகின்றன. புதிய நகரில் தமிழர் ஒருவரைக் கண்டால் "எந்த ஊர்?" என்று கேட்பது நம் வழக்கம், அது நல்ல வழக்கமே. தமிழரல்லாத அண்டை அயலாரிடம் கேட்கவும் நமக்கு ஒரு கேள்வி வேண்டும். அவர் கையால் செய்த ஒரு பொருளைக் காட்டி, "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுப் பார்ப்போமாக.